மாமாவின் ஜே.சி.பி.க்கு எந்தக் கை?

ஜே.சி.பி. தோண்டுவதை நின்று வேடிக்கை பார்க்காதவர் நம் ஊரில் யாரும் இருக்க முடியாது. 2019 மே மாதம் இணையம் முழுக்க இதை வைத்தே கிண்டலடித்துத் தள்ளினார்கள், நினைவிருக்கும். ஆனால் வேடிக்கை பார்க்கிற நாம் எல்லோரும் பார்ப்பது வண்டியை. மஞ்சள் கலர், ஆள் உயரச் சக்கரம், டிரைவர் சீட்டைத் திருப்பிப் போட்டு உட்காருகிற ஸ்டைல். மண்ணில் உண்மையாக வேலை செய்வதோ கையின் நுனியில் மாட்டியிருக்கிற இரும்புச் சாமான். அதற்குப் பெயர் அட்டாச்மென்ட். இன்றைக்கு அந்தச் சாமானைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அட்டாச்மென்ட் என்பது நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. வீட்டில் கிரைண்டர் வாங்கினால் கூடவே தேங்காய் துருவியும் சப்பாத்தி மாவு பிசைகிற சாமானும் கொடுக்கிறார்கள் அல்லவா? மோட்டார் ஒன்று, வேலை மூன்று. (எங்கள் வீட்டில் தேங்காய் துருவி இன்னும் அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. அதுவும் இந்தக் கதைக்குத் தேவையான பாடம்தான்.) இன்னும் பின்னால் போனால் தாத்தாவின் மாடுகள். அதே ஜோடி காலையில் ஏர் உழும், விதைப்புக்கு முன் பரம்படிக்கும், சந்தை நாளில் வண்டி இழுக்கும். மாடு மாறவில்லை, பின்னால் கட்டுகிற சாமான்தான் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானது நுகத்தடி. நுகத்தடி இருக்கிற வரை எந்த ஆசாரி செய்த ஏரையும் எந்த மாட்டுக்கும் பூட்டலாம்.

டிராக்டர் வந்தபோது இந்த நுகத்தடி காணாமல் போய்விட்டது. ஆரம்பகால டிராக்டர்கள் கலப்பையைச் சும்மா பின்னால் இழுத்துக்கொண்டு போயின. கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டரின் மூக்கு மேலே தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று இடத்தில் பிடித்து, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிற இணைப்பு. 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் அது வந்தது. இன்றைக்கு நம் ஊர் டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டுகிறார்களே, அதே மூன்று புள்ளிதான். ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தில் ஒன்றும் போடாமல் கை குலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிறகு அது கோர்ட்டுக்குப் போய், 1952-ல் ஃபோர்டு நிறுவனம் 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. ஒப்பந்தச் சட்ட வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நான் இன்னும் நாலு மார்க் கூட வாங்கியிருப்பேன்.

சின்ன வண்டிகளின் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்கிற சிற்றூர். அங்கே சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்று அண்ணன் தம்பி இருவர் பட்டறை வைத்திருந்தார்கள். பக்கத்தில் வான்கோழி வளர்க்கிறவர் ஒருவருக்குக் கொட்டகையைச் சுத்தம் செய்ய ஒரு வண்டி வேண்டியிருந்தது. அது கொட்டகைத் தூண்களுக்கு நடுவே நுழைய வேண்டும், நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், மேல் மாடியில் ஓட்டினாலும் தளம் தாங்கும்படி எடை குறைவாக இருக்க வேண்டும். 1957-ல் கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கரத்தில் ஒரு வண்டியைச் செய்து கொடுத்தார்கள். அடுத்த வருடமே மெல்ரோ என்கிற நிறுவனம் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியது. 1960-ல் நாலு சக்கரம் ஆனது, 1962-ல் பாப்கேட் என்று பெயர் வைத்தார்கள். இடப்பக்கச் சக்கரம் தனி, வலப்பக்கம் தனி. ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால் சுழன்றால் பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பாப்கேட் என்றே சொல்கிறோம், ஜே.சி.பி. கதைதான். இன்னொரு வேடிக்கை, ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்கிற ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம். இரண்டு வண்டியிலும் ஒரு சிரில்!

வான்கோழி எச்சம் அள்ளப் பிறந்த வண்டி எப்படி ஊரெல்லாம் பரவியது? அட்டாச்மென்ட்டால்தான். 1970-ல் பாப்கேட்காரர்கள் ஒரு தகடு மாட்டினார்கள். வண்டியை நேராகக் கொண்டுபோய் பக்கெட்டின் முதுகில் நுழைத்து, இரண்டு லீவரைத் தள்ளிப் பூட்டினால் முடிந்தது வேலை. குழி போடும் ஆகர், பள்ளம் வெட்டும் டிரென்ச்சர், கூட்டும் பிரஷ், சரக்கு தூக்கும் ஃபோர்க், மரத்தைக் கவ்வும் கிராப்பிள் என்று வரிசையாக வந்தன. பிற்பாடு அந்த இணைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 24410 என்று சர்வதேசத் தரமே வந்துவிட்டது. ஒரு கம்பெனி வண்டியில் இன்னொரு கம்பெனி சாமானை மாட்டலாம். அதாவது நுகத்தடி திரும்பி வந்துவிட்டது.

மாட்டலாம் என்பதாலேயே வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சுழலுகிற, குத்துகிற சாமான்களுக்கு வண்டியிலிருந்து எண்ணெய் அழுத்தத்தோடு போக வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதையும் எத்தனை பார் அழுத்தம் என்பதையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி வரும். 75 லிட்டர், 200 பார் என்றால் 25 கிலோவாட். 140 லிட்டர், 240 பார் என்றால் 56. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் குழாய்தான் இருக்கும், ஆனால் மரத்தை நின்ற நிலையிலேயே அரைத்துத் தள்ளுகிற மல்ச்சரை முதல் வண்டியில் மாட்டினால் அது முனகும், அரைக்காது. எடையும் அப்படித்தான். சக்கரம் வைத்த சிறு லோடர் எவ்வளவு பாரத்தில் குப்புறச் சாயுமோ, அதில் பாதியைத்தான் தூக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பட்டை வைத்ததற்கு 35 சதவீதம். மாட்டுகிற சாமான் கனமாக இருந்தால் தூக்குகிற மண் குறையும். விற்கிறவர்கள் இதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

சரி, இப்போது மாமா.

என் அம்மாவின் தம்பி கமுதிப் பக்கம் ஒரு ஜே.சி.பி. வைத்திருக்கிறார். கடனில் வாங்கியது, இன்னும் தவணை ஓடுகிறது. நல்ல மாதத்தில் 110 மணி நேரம் ஓடும், மழை மாதத்தில் 40 தாண்டாது. மணிக்கு 1,200 ரூபாய் வாடகை. போன வருடம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, பாறை உடைக்கிற பிரேக்கர் வாங்குங்கள், மணிக்கு 1,700 வாங்கலாம், வண்டி சும்மா நிற்கவே நிற்காது என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருக்கிறார். குழாய் வேலையெல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய். 3,30,000 கடன் கிடைக்கும், மீதி 1,50,000-க்கு அத்தையின் நகையை அடகு வைப்பதாகத் திட்டம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செமஸ்டர் லீவில் நான் போனபோது, காபியை வைத்துவிட்டு, "நீ கணக்குப் படிக்கிறவன் தானேப்பா, மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசு" என்றார். கழுத்தில் கிடந்த சங்கிலியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கண் அங்கேயே போனது.

மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். முதலில் தேய்மானத்தில் ஆரம்பித்தேன். கம்பெனிச் சட்டத்தில், ஒரு இயந்திரத்தின் முக்கியமான பாகத்துக்கு ஆயுள் வேறாக இருந்தால் அதைத் தனியாகக் கணக்கு வைத்துத் தேய்மானம் போட வேண்டும் என்று இருக்கிறது, மாமா கம்பெனி இல்லையென்றாலும் அந்தப் புத்தி நல்ல புத்தி என்றேன். மாமா கேட்டார், "தேய்மானம்னா என்ன மாப்ள, பக்கெட்டுல பல்லு தேயுதே அதா?" அதேதான் மாமா என்றேன். நாங்கள் மூன்று வருடமாகப் படிக்கிற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. (சுங்க, ஜி.எஸ்.டி. குறியீட்டிலும் இரண்டும் தனித்தனிதான். வண்டி 8429, பக்கெட்டும் கவ்விகளும் 8431.)

பிறகு பேப்பரில் போட்டோம். தவணை மாதம் சுமார் 11,000, நகைக்கடன் வட்டி 1,500, ஆக 12,500. மணிக்கு டீசல் 560, ஆபரேட்டர் பேட்டா 100, பிரேக்கரின் உளி, ஹோஸ், கிரீஸ் என்று ஒரு 200. 1,700-ல் இதையெல்லாம் கழித்தால் 840 நிற்கும். 12,500-ஐ 840-ஆல் வகுத்தால் மாதம் 15 மணி நேரம் ஓடினால் போதும். மாமா முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அந்த 15 மணி நேரம், வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் வர வேண்டும். ஏற்கெனவே பக்கெட்டில் ஓடுகிற நேரத்தை எடுத்துக்கொண்டு பிரேக்கரில் ஓட்டினால், கூடுதலாகக் கிடைப்பது 500, அதிலும் 200 செலவு போக 300 ரூபாய்தான். அப்போது மாதம் 42 மணி நேரம் வேண்டும். காஸ்டிங் பேப்பரில் இன்கிரிமென்டல் என்று படிப்பதெல்லாம் இந்த இரண்டு நம்பருக்கு நடுவில் இருக்கிற தூரம்தான்.

அடுத்த கேள்வி, வேலை எங்கே? மாமாவின் வாடகை நோட்டை எடுத்தேன். யார் கேட்டார், எத்தனை மணி, பாக்கி எவ்வளவு என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய நோட்டு. என் பாடப் புத்தகங்களைவிட நேர்மையான ஆவணம். வேலை கிடைக்காத விசாரிப்புகளையும் மாமா ஓரத்தில் குறித்து வைப்பார். 14 மாதத்தில் உடைக்கிற வேலைக்குக் கேட்டவர்கள் 9 பேர். எல்லாம் பழைய வீட்டு அஸ்திவாரம், சிமென்ட் ரோடு. கூட்டிப் பார்த்தால் 40 மணி நேரம்கூட இல்லை. மாதத்துக்கு மூன்று! அது ஆச்சரியமும் இல்லை. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசலும் களிமண்ணும். உடைக்கப் பாறை எங்கே இருக்கிறது? பாறை இருக்கிற மேலூருக்கு இங்கிருந்து உருட்டிக்கொண்டு போனால் டீசலுக்கே சரியாகும், அங்கே ஆளாளுக்குப் பிரேக்கர் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, கல் உடைந்த பிறகும் நிறுத்தாமல் குத்தினால் அடி முழுக்க வண்டியின் கைக்குத்தான். மாற்றும்போது ஹோஸ் முனையில் மண் புகுந்தால் பம்ப் வரைக்கும் போகும்.

அதே நோட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. பக்கத்துக்குப் பக்கம் "கருவை", "கருவை", "கருவை".

சீமைக் கருவேலத்தைப் பற்றித் தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1870-களில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். அது இன்று கண்மாய், தரிசு, கிணற்று மேடு என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, நடுவில் தடை வந்தது, 2022-ல் மறுபடி வேகம் பிடித்தது. வெட்டினால் அது சாகாது என்பதுதான் பிரச்சினை. மண்ணுக்குக் கீழே ஓரடிக்குள் இருக்கிற வேர்க்கழுத்தில்தான் அதன் உயிர். மேலே வெட்டினால் ஒரு தண்டுக்குப் பதில் ஐந்து கிளம்பும். மல்ச்சரில் அரைத்தாலும் இதே கதைதான், தூர் உள்ளே அப்படியே இருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்காரர்களுக்கு இதன் உறவுக்காரனான மெஸ்கிட் இதே தலைவலி. அவர்கள் சிறு லோடரில் வேரைக் கழுத்துக்குக் கீழே நெம்பி எடுக்கிற அலகு மாட்டிப் பிடுங்குகிறார்கள்.

மாமா இதுவரை சாதாரணப் பக்கெட்டில்தான் தூர் எடுத்துக்கொண்டிருந்தார். கூடவே வயலில் நின்று பார்த்தேன். பக்கெட் தூரோடு அரை வண்டி மண்ணையும் அள்ளிவிடுகிறது. ஆபரேட்டர் அதை மேலே தூக்கி நாலு தடவை உதறுகிறார். களிமண் உதிர்வேனா என்கிறது. மேல்மண் எல்லாம் வரப்போரம் குவிந்து, நிலத்துக்காரர் பிறகு அதைப் பரப்ப இன்னொரு நாள் வண்டி கேட்கிறார். பக்கெட்டுக்குப் பதில் விரல் விரலாக ஒரு ரேக் இருந்தால் தூர் மட்டும் வரும், மண் இடுக்கு வழியாக விழுந்துவிடும். அருப்புக்கோட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் பக்கெட்டின் பின் அளவை எடுத்துக்கொண்டு, கனத் தகட்டில் ஐந்து விரல் வைத்து 68,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றார். ஹோஸ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், இரண்டு பின்னைத் தட்டி எடுத்து மாட்ட வேண்டியதுதான்.

இங்கே மாமா ஒரு கேள்வி கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வகுப்பில் ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். "வேல சீக்கிரம் முடிஞ்சா எனக்குத்தானடா நட்டம்? மணிக்கணக்குலதான காசு?"

சரியான கேள்வி! அடர்ந்த கருவை ஒரு ஏக்கருக்குப் பக்கெட்டில் 9 மணி நேரம், 10,800 ரூபாய். ரேக் போட்டு 6 மணியில் முடித்தால் 7,200. நல்ல சாமான் வாங்கிப் போட்ட மாமாவுக்கு 3,600 குறைவு, லாபம் முழுக்க நிலத்துக்காரருக்கு. அதனால் மணிக்கணக்கை விட்டு ஏக்கர் கணக்குக்கு மாறினோம், ஏக்கர் 9,500. நிலத்துக்காரருக்கு 1,300 மிச்சம், மேல்மண்ணும் மிச்சம். மாமாவுக்கு டீசலும் பேட்டாவும் போக முன்பு 4,860 நின்றது, இப்போது 5,540. ஏக்கருக்கு 680 கூடுதல். அப்படிப் பார்த்தால் ரேக்கின் விலையை எடுக்க 100 ஏக்கர் வேண்டும். ஆனால் ஏக்கருக்கு 3 மணி நேரம் மிச்சமாகிறதே, அதில் வேறு வேலை கிடைத்தால் இன்னும் 1,620 சேரும், 30 ஏக்கரிலேயே விலை எடுத்துவிடலாம். 30-ஆ 100-ஆ என்பது அந்த மூன்று மணி நேரத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மாமா அன்று சாயங்காலமே செங்கல் சூளைக்காரர் இருவருக்குப் போன் போட்டார்.

பிரேக்கர் வாங்கவில்லை. ரேக்குக்கு மாமா கையிருப்பும் ஒரு பழைய பாக்கி வசூலும் போதுமானதாக இருந்தது. பாக்கி வசூலுக்கு அத்தையே நேரில் போனார் என்று கேள்வி, அது தனிக் கதை. சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை.

இதுவரை 22 ஏக்கர் முடிந்திருக்கிறது. நான் கணக்கில் எடுக்காத ஒன்று நடுவில் முளைத்தது. மண் ஒட்டாத சுத்தமான தூர் என்றால் கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு அல்வா மாதிரி. முன்பெல்லாம் மண்ணோடு கிடந்த தூரை, அந்தப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கடப்பாரையால் தட்டித் தட்டிச் சுத்தம் செய்து எடுத்துப் போவார்கள், யாரும் கேட்டதில்லை. இப்போது மூட்டக்காரர் நேராக லாரியோடு வந்து விலை பேசுகிறார். தூர் நிலத்துக்காரருடையது என்று அவர் சொல்கிறார், பிடுங்கியது நான் என்று மாமா சொல்கிறார். அந்தப் பெண்களில் ஒருவர், "இத்தன வருசமா நாங்கதான்யா பொறுக்கிட்டுப் போனோம்" என்று வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். மாமா போனில் என்னிடம், "மாப்ள, இதுக்கு ஒங்க புஸ்தகத்துல ஏதாச்சும் இருக்கா?" என்றார். கூட்டுப் பொருள், உபபொருள் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதில் வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று மூன்று முறை போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அதில் எந்தப் பத்தியும் இல்லை. இப்போதைக்கு ஏக்கருக்குக் கடைசிக் குவியல் ஒன்றை அவர்களுக்கு விட்டுவிடுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். மூட்டக்காரர் இன்னும் முழு மனசாகச் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரம் மாமா கண்மாய்க்கரைப் பக்கம் எட்டு ஏக்கர் ஆரம்பிக்கிறார், பரீட்சை முடிந்ததும் நானும் போகிறேன்.